நோயாளியிடம் பேசக் கற்பித்த அம்மையார்

விளக்கேந்திய தாதியென்றே புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை நம்மில் பலரும் அறிவோம். நோயாளியிடம் பேசும் முறையையும் அவர் கற்பித்தார் என்பதை அறிந்தோர் சிலரே.

1820-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள், இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், செல்வமிக்க ஆங்கிலக் குடும்பத்தில் அவர் பிறந்தார். கிரிமியப் போரின்போது, 1854-இல், 38 பெண்களுடன் துருக்கியின் உஸ்குதார் சென்று, காயமுற்ற பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பணிபுரிந்தார். மாண்ட வீரர்களின் வீட்டாருக்கு ஆறுதல் கடிதங்களும் எழுதினார். அங்கே கண்ட கடுங்காய்ச்சலுக்குப் பின் அவருடைய உடல்நலம் குன்றியது. பல்லாண்டுகள் படுக்கையிலேயே கழிந்தன. நோயாளியின் மனத்தை அவர் தாமே நோயாளியாயிருந்தும் அறிந்தார்.

தாதிமைப் பணி பற்றி 1859-இல் அவர் எழுதிய நூல் கூறுவது இதுவே: வாயிலில் நின்றோ முதுகுப்புறமிருந்தோ பேசலாகாது. நோயாளி தலையைத் திருப்ப வேண்டாதபடி, கண்ணெதிரே அமர்ந்து நிதானமாகப் பேச வேண்டும். அறைக்கு வெளியே கிசுகிசுத்தல் கொடுமை. தம்மைப் பற்றிய பேச்சோவென அவர் கலங்குவார். எல்லாவற்றுக்கும் மேலாக, நிலைமை அறியாமல் பொய்யாறுதல் கூறலாகாது. அது தேற்றுவதில்லை, தம் துன்பத்தைக் கேட்பாரில்லையென்று அவரைத் தனிமைப்படுத்திவிடும். நல்ல செய்தி சொல்வதே அவருக்கு மருந்து.

1860-இல் லண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் அம்மையார் பெயரால் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. 1910 ஆகஸ்ட் 13-ஆம் நாள், தம் 90-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இப்பாடம் தாதியருக்கு மட்டுமன்று. நலம் விசாரிக்கச் செல்லும் நாமும், ஒன்றுமில்லையென்று சொல்லிவிட்டு எழுந்து வராமல், அருகமர்ந்து செவிசாய்ப்போமாக.