அம்மா என்று அழைத்தான் ஈசன்!

உச்சிவேளை. சோறு வெந்து இறக்கியாயிற்று. கறி மட்டும் இன்னும் ஆகவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெரியவர், முகமெல்லாம் பசியோடு வந்து நிற்கிறார். நாமாக இருந்தால் என்ன செய்வோம், தோழியரே? கொஞ்சம் உட்காருங்கள், இதோ ஆயிற்று என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடுவோம்.

ஏறக்குறைய 1500 ஆண்டுகளுக்கு முன்பு, காரைக்காலில் ஒரு வணிகர் வீட்டு இளம் மனைவி அப்படிச் செய்யவில்லை. வந்திருப்பவர் சிவனடியார். காத்திருக்க முடியாத பசி அவருக்கு. கணவன் கடையிலிருந்து அனுப்பிவைத்த மாங்கனிகள் இரண்டு வீட்டில் இருந்தன. அதில் ஒன்றை எடுத்துச் சோற்றோடு வைத்து இலையைப் போட்டுவிட்டாள். பெரியவர் வயிறு குளிர உண்டு, வாழ்த்திவிட்டுப் போனார்.

அந்தப் பெண்தான் புனிதவதி. அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவராக நாம் கைகூப்பி வணங்கும் காரைக்கால் அம்மையார்.

இந்தக் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. கே.பி. சுந்தராம்பாள் நடித்து 1973-ல் வந்த படத்தைப் பார்த்தவர்கள் இன்றும் மறந்திருக்க மாட்டார்கள். என் பாட்டியும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஆனால் ஒன்று, மாங்கனி வந்ததோடு பாட்டி கதையை நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகுதானே கதையே இருக்கிறது! அந்தப் பெண்ணின் இல்வாழ்க்கை உடைந்துபோனது அதற்குப் பிறகுதான். உடைந்துபோன இடத்தில் அவள் முழுமை பெற்றதும் அதற்குப் பிறகுதான். இந்த வாரம் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போமா?

காரைக்கால் வணிகர் தனதத்தனின் மகள் புனிதவதி. குழந்தைப் பருவத்திலேயே சிவபெருமானிடம் மாறாத அன்பு. சிறு வீடு கட்டி விளையாடும்போதுகூட வாயில் ஈசன் திருநாமம்தான். நாகப்பட்டினத்து வணிகர் நிதிபதியின் மகன் பரமதத்தனுக்கு அவளை மணம் முடித்துக் கொடுத்தார்கள். மகளைப் பிரிய மனமில்லாத தந்தை, மாப்பிள்ளையைக் காரைக்காலிலேயே தனி மனை அமைத்துக் குடிவைத்தார். வசதிக்குக் குறைவில்லை. நல்ல கணவன். அடியார்கள் வந்தால் அன்னம் இடுவாள், பொன்னும் துணியும் கொடுப்பாள். அதற்கும் தடை சொன்னவர் யாருமில்லை.

இனி அந்த மதியத்துக்கு வருவோம். பரமதத்தன் வீடு வந்து, குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். மிச்சமிருந்த ஒரு மாங்கனியைப் பரிமாறினாள். அதன் சுவையில் மயங்கி, இன்னொன்றையும் கொண்டுவரச் சொன்னான். புனிதவதி உள்ளே போனாள். போகாமல் என்ன செய்வது? அடியாருக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். ஆசையாகக் கேட்கும் கணவனிடம் இல்லையென்று சொல்ல வாய் வராத தயக்கம் நமக்குப் புரியாததா! உள்ளே நின்று ஈசனை நினைத்தாள். கையில் ஒரு கனி வந்து நின்றது. கொண்டுபோய் இலையில் வைத்தாள்.

அமுதத்தையும் மிஞ்சிய சுவை. இது நான் அனுப்பிய கனி இல்லையே, எங்கே கிடைத்தது என்று கேட்டான் பரமதத்தன்.

இங்கேதான் அவளுக்குச் சோதனை. இறைவன் தனக்குச் செய்த அருளை வெளியே சொல்லுவது முறையல்ல. கணவனிடம் பொய் சொல்லுவதும் முறையல்ல. ஏதோ ஒரு பதிலைச் சொல்லிச் சமாளித்திருந்தால் அவள் குடும்பம் அப்படியே இருந்திருக்கும். ஆனால் அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவனால் நம்ப முடியவில்லை. அப்படியானால் இன்னொரு கனி வரவழைத்துக் காட்டு என்றான். மறுபடியும் வேண்டினாள், கனி வந்தது. அதை அவன் கையில் கொடுத்தாள். வாங்கிய மாத்திரத்தில் மறைந்தே போனது!

பரமதத்தன் நடுங்கிப்போனான். இவள் என் மனைவி அல்ல, ஏதோ தெய்வம் என்று முடிவு கட்டிவிட்டான். அன்று முதல் ஒரே வீட்டில் இருந்தும் அவளோடு கணவன் மனைவி என்ற தொடர்பு இல்லை. காரணத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. வெளியே பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பெருமான், அந்த நாட்களில் புனிதவதி என்ன நினைத்தாள் என்று எதுவும் சொல்லாமல் கடந்துபோகிறார். பெண்களாகிய நமக்கு அதை எடுத்துச் சொல்லவும் வேண்டுமா? தவறே செய்யாமல், உண்மையைச் சொன்ன குற்றத்துக்காக விலக்கி வைக்கப்பட்ட ஒருத்தி, தினமும் அதே அடுப்பில் சமைத்து, அதே இலையில் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பிறகு ஒரு நாள், வாணிபத்துக்கு என்று மரக்கலம் ஏறிப் போனான் பரமதத்தன். பொருள் ஈட்டினான். திரும்பி வந்தது காரைக்காலுக்கு அல்ல. பாண்டிய நாட்டுத் துறைமுக நகர் ஒன்றுக்கு. அங்கே வேறொரு வணிகரின் மகளை மணந்தான். பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் புனிதவதி என்றே பெயரும் வைத்தான்.

இவள் இங்கே இல்லறத்தின் கடமைகளை விடாமல், கணவன் வருவான் என்று வீட்டைக் காத்துக்கொண்டிருந்தாள். செய்தி உறவினர் காதுக்கு எட்டியது. சும்மா இருப்பார்களா? பல்லக்கில் அவளை ஏற்றி, பாண்டிய நாட்டுக்கே அழைத்துச் சென்றுவிட்டார்கள். ஊருக்கு வெளியே தங்கி, வந்திருப்பதைச் சொல்லியனுப்பினார்கள்.

பரமதத்தன் வந்தான். தனியாக அல்ல. இரண்டாம் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தான். வந்தவன், அத்தனை பேர் பார்க்க, புனிதவதியின் காலில் விழுந்தான். உங்கள் அருளால்தான் வாழ்கிறேன், இந்தக் குழந்தைக்கும் உங்கள் பெயரையே வைத்திருக்கிறேன் என்றான். புனிதவதி மருண்டுபோய் உறவினர் பக்கம் ஒதுங்கி நின்றாள். மனைவியைப் போய் வணங்குவதா என்று சுற்றத்தார் பதற, இவர் மனிதப் பிறவி இல்லை, தெய்வம். நீங்களும் வணங்குங்கள் என்றான்.

எத்தனை மரியாதை! ஆனால் யோசித்துப் பாருங்கள், தோழியரே. அவன் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. கும்பிட்டான். கும்பிட்டே தூரத்தில் நிறுத்திவிட்டான். இனி அந்த வீட்டில் அவளுக்கு இடமில்லை என்பதை அதைவிட மரியாதையாக ஒருவர் சொல்ல முடியாது.

புனிதவதி அழுது புலம்பியதாகச் சேக்கிழார் பாடவில்லை. அவனைக் குறை சொன்னதாகவும் பாடவில்லை. அவள் ஈசனைப் பார்த்துத் திரும்பினாள். இவனுக்காக இத்தனை நாள் சுமந்த அழகும் தசையும் இந்த உடம்பிலிருந்து கழியட்டும், உன் திருவடியைச் சூழ்ந்து நின்று போற்றும் பேய் வடிவம் எனக்குத் தா என்று வேண்டினாள். கேட்டது கிடைத்தது. எலும்பும் தோலுமான உருவம் வந்தது. பேய் என்றதும் குழந்தைகளைப் பயமுறுத்தும் பேயை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது சிவகணங்களில் ஒன்றான வடிவம். சுற்றி நின்றவர்கள் வணங்கி, அஞ்சி அகன்றார்கள்.

அழகை ஏன் வேண்டாம் என்றார்? எனக்கும் முதலில் இது உறுத்தியதுண்டு. விரக்தியோ, கோபமோ என்று நினைத்தேன். கல்லூரியில் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதியைப் பாடமாகப் படித்தபோதுதான் அந்த எண்ணம் மாறியது. அம்மையார் பாடியவை அற்புதத் திருவந்தாதி 101 பாடல்கள், திருவிரட்டை மணிமாலை 20, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டில் 22, ஆக 143 பாடல்கள். இத்தனையிலும் தேடிப் பாருங்கள். மாங்கனி இல்லை. பரமதத்தன் இல்லை. பாண்டிய நாட்டில் நடந்த அந்த அவமானம் இல்லை. மனத்துக்குள் ஆறாத புண் இருந்திருந்தால் ஒரு பாட்டிலாவது கசிந்திருக்காதா? தன்னைக் காரைக்கால் பேய் என்று தயங்காமல் சொல்லிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துன்பம் தீர்ந்துவிட்டது என்ற நிம்மதியில் பாடிய பாட்டுகள் அல்ல இவை. என் இடரை எப்போது தீர்ப்பாய் என்று கேட்டுக்கொண்டேதான் அந்தாதியைத் தொடங்குகிறார். அடுத்த பாட்டிலேயே, அவன் தீர்க்காவிட்டாலும், இரங்காவிட்டாலும், வழி காட்டாவிட்டாலும் என் நெஞ்சு அவனிடம் வைத்த அன்பு போகாது என்கிறார். நாம் நேர்ந்துகொண்டது பலிக்கவில்லை என்றால் இரண்டு வாரம் கோயில் பக்கம் போகாமல் இருக்கிறோமே! கனியைத் தந்த அதே அருள்தான் கணவனையும் பிரித்தது. அவரோ கணக்குப் பார்க்கவே இல்லை.

பேய் உருவோடு கயிலைக்குப் புறப்பட்டார் அம்மையார். வழியில் பார்த்தவர்கள் பயந்து ஓடினார்கள். அதைக் கண்டு அவர் வருந்தவில்லை. உலகநாயகன் என்னை அறிந்திருக்கிறான், அறியாத மற்றவர் கண்ணுக்கு நான் எந்த வடிவில் தெரிந்தால் என்ன என்று எண்ணியதாகச் சேக்கிழார் சொல்கிறார். பார்ப்பவர் கண்ணுக்காகவே பாதி வாழ்க்கையைக் கழிக்கும் எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருக்கத் தோன்றும்.

கயிலை மலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையால் நடந்து ஏறினார். அன்னை உமாதேவி அதைக் கண்டு வியந்து, எலும்பு உடம்போடு இப்படி வருவது யார் என்று பெருமானிடம் கேட்டாள். ஈசன் சொன்ன பதில் என்ன தெரியுமா? இவள் நம்மைப் பேணும் அம்மை! அதோடு, அருகே வந்தவரை அம்மா என்றே அழைத்தார். பிறப்பே இல்லாத, தாயே இல்லாத பெருமான் அழைத்த அழைப்பு அது. பிள்ளை பெறாத புனிதவதி அப்பா என்று அவர் திருவடியில் விழுந்தார்.

பரமதத்தனும் அவரை உயர்த்தித்தான் பேசினான். தெய்வம் என்று சொல்லி விலகிப்போனான். தெய்வமோ அம்மா என்று சொல்லி அருகே அழைத்துக்கொண்டது.

என்ன வேண்டும் என்று பெருமான் கேட்டார். அழியாத அன்பு வேண்டும். பிறவாமை வேண்டும்; மறுபடி பிறந்தாலும் உன்னை மறவாமை வேண்டும். நீ ஆடும்போது உன் அடியின் கீழ் இருந்து மகிழ்ந்து பாட வேண்டும். அம்மையார் கேட்டது இவ்வளவே. ஆலங்காட்டுக்குப் போ, அங்கே நம் ஆட்டத்தைக் கண்டு பாடிக்கொண்டிரு என்று அருளினார் ஈசன்.

அதுதான் திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காடு. மூலவர் வடாரண்யேஸ்வரர். நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் இது ரத்தின சபை. காளியோடு போட்டியிட்டு ஆடிய ஊர்த்துவ தாண்டவத் தலமும் இதுவே. அம்மையார் தலையால் நடந்த ஊர் என்பதால், இதைக் காலால் மிதிக்க அஞ்சிய திருஞானசம்பந்தர் பக்கத்திலுள்ள பழையனூரில் தங்கினார் என்பார்கள். சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் திருவாலங்காடு நிலையத்தில் இறங்கினால், சில கிலோமீட்டர் தூரத்தில் கோயில்.

காரைக்காலில் அம்மையாருக்குத் தனிக்கோயில் உண்டு. ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில் புனிதவதியின் திருக்கல்யாணம் நடக்கும். பிச்சாண்டவர் கோலத்தில் பெருமான் வீதியுலா வரும்போது, வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகளை வாரி இறைப்பார்கள். அதைப் பிடித்து உண்டால் பிள்ளை வரம் கிடைக்கும் என்பது பெண்களின் நம்பிக்கை. பங்குனி சுவாதி அம்மையாரின் குருபூஜை நாள்.

சிவன் கோயில் பிராகாரத்தில் அறுபத்து மூவர் வரிசையை இனி சுற்றிவரும்போது கவனியுங்கள். எல்லோரும் நின்றுகொண்டிருக்க, அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பார். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் நடராஜர் சிற்பத்தின் கீழேயும் அப்படித்தான் அமர்ந்திருக்கிறார். விலா எலும்புகள் தெரியும் உடம்பு, வற்றிய மார்பு, கையில் தாளம். முகத்தைச் சற்றுக் குனிந்து பாருங்கள். சிரித்துக்கொண்டிருப்பார்.