பேசும் படத்தை எதிர்த்தவர்

1927 அக்டோபரில் அமெரிக்காவில் ‘ஜாஸ் பாடகன்’ வெளிவந்ததும் ஊமைப் படத்துக்கு நாள் குறித்தாயிற்று என்று திரையுலகம் ஆர்ப்பரித்தது. அந்த ஆரவாரத்தில் சேராமல் முகம் சுளித்தவர்களுள் ஒருவர் பிரெஞ்சு இயக்குநர் ரெனே கிளேர். பேச்சு வேண்டாம் என்ற அவரே, மூன்றாண்டுக்குள் பேசும் படத்தை எப்படி எடுக்கவேண்டும் என்று உலகுக்குக் காட்டினார் என்றால் வியப்பாக இல்லையா?

அவருடைய இயற்பெயர் ரெனே லூசியன் ஷொமெத். 1898 நவம்பர் 11ஆம் நாள் பாரிஸ் மாநகரில், லே ஆல் என்னும் பெரிய சந்தைப் பகுதியில் பிறந்தார். தந்தை சோப்பு வணிகர். சந்தையின் சந்தடியும் கூட்டமும் அவர் மனத்தில் ஊறிவிட்டன. பிற்காலப் படங்களில் அவை அப்படியே வெளிப்பட்டன. முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் பிரிவில் பணியாற்றி, முதுகெலும்பில் காயத்தோடு திரும்பினார். போர் ஓய்ந்த 1918 நவம்பர் 11 அன்று அவருக்கு வயது இருபது நிறைந்தது. எனக்கும் இப்போது இருபதுதான். செய்முறைத் தேர்வுக்கே கை நடுங்கும் வயதில் அவர் போரையே கண்டு முடித்திருந்தார்!

பிறகு பத்திரிகையாளர்; சில ஊமைப் படங்களில் நடிகர்; கிளேர் என்ற பெயர் அப்போது சூட்டிக்கொண்டதே. அவருடைய முதல் படத்தில் ஒரு விஞ்ஞானியின் கதிர் பட்டுப் பாரிஸ் நகரமே உறைந்து நிற்கிறது. ஈபெல் கோபுரத்தின் உச்சியில் இருந்த காவலாளி தப்பிவிடுகிறான். அறிவியல் மாணவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டிய குறும்பு அது. 1928இல் வந்த ‘இத்தாலிய வைக்கோல் தொப்பி’யோ வசனத்தால் வாழ்ந்த ஒரு மேடை நாடகத்தின் திரைவடிவம். அதை ஊமைப் படமாக்கி, இடையிடையே காட்டும் எழுத்து அட்டைகளையும் வெகுவாகக் குறைத்து, பார்வையாலேயே சிரிக்கவைத்தார். இப்படிப்பட்டவர் பேச்சைக் கண்டு அஞ்சியது இயல்பே. திரைப்படம் மேடை நாடகத்தின் நகலாகிவிடும், எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருந்த கலை மொழிக்கு மொழி பிளவுபடும் என்பதே அவர் கவலை.

அந்தக் கவலை வீண் அன்று என்பதை இயற்பியல் படிக்கும் நான் கொஞ்சம் விளக்கவேண்டும். ஊமைப் படக் கருவியைக் கையால் சுற்றுவார்கள். வேகம் முன்பின்னாக இருந்தாலும் பெரிய கேடில்லை. ஒலி அதற்கு இடம் தராது. நொடிக்கு 24 சட்டங்கள் என்ற மாறா வேகம் வேண்டும். இல்லையேல் குரல் கீச்சிடும், அல்லது இழுக்கும். மைக் ஒலியை மின்னாக்க, அது ஒளியின் ஏற்ற இறக்கமாகப் பிலிம் ஓரத்தில் பதிய, கொட்டகையில் ஒளிமின்கலம் அதை மீண்டும் மின்னாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும். இத்தனையும் சரி, ஆனால் காமிராவின் இரைச்சலும் சேர்ந்து பதிந்துவிடுமே! எனவே அதைக் கண்ணாடி வைத்த அறைக்குள் பூட்டினார்கள். ஓடி ஆடிய காமிரா கைதியாயிற்று. மறைத்து வைத்த மைக்கைச் சுற்றி நடிகர்கள் அசையாமல் நின்று பேசினார்கள்.

1929இல் கிளேர் இலண்டன் சென்று புதிய பேசும் படங்களைப் பார்த்தார். ‘பிராட்வே மெலடி’ என்ற படத்தில் ஒரு காட்சி அவரை நிறுத்தியது. கார் கதவு சாத்தும் ஓசையும் கார் புறப்படும் ஓசையும் கேட்கின்றன. திரையில் காரே இல்லை, அதைச் சன்னலிலிருந்து பார்க்கும் பெண்ணின் முகம் மட்டுமே. கண் ஒன்றைப் பார்க்க, காது வேறொன்றைக் கேட்கலாம் என்ற வழி அவருக்கு அங்கே திறந்தது.

அதன் பயனே 1930இல் வந்த ‘பாரிஸின் கூரைகளின் கீழ்’. தெருவில் பாடிப் பாட்டுத்தாள் விற்கும் ஆல்பர்ட், அவன் விரும்பும் போலா, அவன் நண்பன் லூயி: கதை இவ்வளவே. லசார் மேர்சோன் அமைத்த தெருவில் காமிரா புகைபோக்கிகளின் மேலிருந்து மெல்ல இறங்கிப் பாடும் கூட்டத்தை அடைகிறது. பல காட்சிகளை ஒலிப்பதிவின்றி எடுத்து இசையைப் பிறகு சேர்த்ததால் காமிராவுக்கு விடுதலை கிடைத்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பேசுகிறார்கள், நமக்குக் கேட்பதில்லை. இருட்டறையில் சண்டையிடுகிறார்கள், குரல் மட்டும் கேட்கிறது. கத்திச் சண்டையின்போது இரயில் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது.

என் தாயார் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். இப்படத்தைக் கைப்பேசியில் பார்த்தபோது மொச்சை உரித்தபடி அவரும் அருகில் இருந்தார். பேச்சு பிரெஞ்சு, அடியில் ஓடிய எழுத்து ஆங்கிலம். படம் முடிந்ததும் கதை முழுவதையும் அவரே எனக்குச் சொன்னார். தான் செய்யாத திருட்டுக்குச் சிறை சென்று வந்தவன் விரும்பியவளையும் நண்பனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி பாடப் போகிறானே என்று அவருக்குத் தாங்கவில்லை. அங்கங்கே எழுத்தைப் படித்துக்கொண்டிருந்த நான், இரண்டொரு முகபாவங்களைத் தவறவிட்டிருந்தேன்.

பாரிஸ் அப்படத்தை முதலில் அரைமனத்தோடுதான் வரவேற்றது. மொழி புரியாத பெர்லின் நகரமே அதைத் தலைமேல் தூக்கி வைத்தது.

அடுத்த ஆண்டு ‘பத்து லட்சம்’, ‘நமக்கு விடுதலை’ என இரு வெற்றிகள். பின்னதன் தொழிற்சாலைக் காட்சிகளைச் சாப்ளின் தம் ‘நவீன காலம்’ படத்தில் எடுத்தாண்டார் என்று படத் தயாரிப்பு நிறுவனம் வழக்குத் தொடுத்தபோது, கிளேர் அதற்கு உடன்படவில்லை. சாப்ளினிடம் தாம் கற்றதே மிகுதி என்று எண்ணியவர் அவர். 1934இல் ஒரு தோல்வி, பின் இங்கிலாந்து, போர்க்காலத்தில் அமெரிக்கா. அங்கு எடுத்த படங்கள் திறமையானவையே, ஆயினும் பாரிஸ் தெரு அவற்றில் இல்லை.

நாடு திரும்பி 1947இல் அவர் எடுத்த படத்தின் பெயர் ‘மௌனம் பொன்னானது’. ஊமைப் படக் காலத்து இயக்குநர் ஒருவரின் கதை; பேசும் படமாகத்தான் எடுத்தார். 1950களின் இளம் விமர்சகர்கள் அவரைப் பழையவர் என்று ஒதுக்கினார்கள். 1960இல் பிரெஞ்சு அகாதமி அவரை உறுப்பினராக்கியது. 1981 மார்ச்சில், தம் 82ஆம் வயதில் காலமானார்.