கோவலூர் கொண்ட வள்ளல்: மலையமான் திருமுடிக்காரி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருக்கோவலூர் என்றவுடன் நம் நெஞ்சில் தோன்றுவது மிருகண்டு மஹரிஷியின் ஆச்ரமத்து இடைகழியும், மழையிரவில் அங்கே கூடிய முதலாழ்வார்கள் மூவருமே ஆவர். அந்த திவ்யதேசம், கடையெழு வள்ளல்களுள் ஒருவனான மலையமான் திருமுடிக்காரியின் ஊராகவும் சங்க நூல்களில் பேசப்படுகிறது. இல்லாதவர்க்கு ஈவதன் தன்மையை அறிய விழையும் நாம், அவனுடைய சரிதையைச் சிறிது நினைத்துப் பார்ப்போமாக.

காரியின் நாடு மலாடு எனப்பட்டது. மலையமான் நாடு என்பதன் மரூஉ அது. தென்பெண்ணையாறு அதை வளப்படுத்தியது. முள்ளூர் மலை அவனுக்கு உரியது. 2019-ஆம் ஆண்டில் அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்று திருக்கோவலூர் அடங்குகிறது. அம்மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை நீண்டு கிடக்கிறது.

காரி, குதிரைகளையும் தேர்களையும் வாரி வழங்கியவன். அவன் ஏறிய குதிரைக்கும் காரி என்றே பெயர். புறநானூற்றில் 121 முதல் 124 வரையுள்ள பாடல்களில் கபிலர் அவனுடைய கொடையைப் பேசுகிறார். கள்ளுண்டு களித்த வேளையில் தேரைக் கொடுத்தல் எவர்க்கும் எளிது; காரியோ தெளிந்த அறிவோடு கொடுத்தான் என்பது அவர் கண்ட சிறப்பு. தீய நாளில் புறப்பட்டு, தகாத வேளையில் நுழைந்து, திறமின்றிப் பேசினவனும் அவன் வாயிலிலிருந்து வெறுங்கையோடு திரும்பியதில்லை. அவனுடைய நாடு அந்தணர்க்கு உரியதாயிற்று. பொருள் பரிசிலர்க்கு உரியதாயிற்று. தன்னுடையது என்று அவனுக்கு எஞ்சியது இல்லாளின் துணை ஒன்றே.

அவன் குறையற்றவன் என்று நாம் சொல்லவில்லை. மூவேந்தரும் வேண்டிய படைத்துணைவன் அவன். மற்றொரு வள்ளலான வல்வில் ஓரியைக் கொன்று, கொல்லி மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். அவனுடைய கோவலூரையும் வேறொரு வள்ளலான அதியமான் வென்றதாகப் பாடல் உண்டு. கொடையால் உயர்ந்தவர்களையும் போர் ஒருவர்மேல் ஒருவரை ஏவியது.

கபிலர் அவனிடம் ஒரு குறையையும் எடுத்துரைத்தார். கொடுத்தல் எளிது, வருபவரின் தரம் அறிதல் அரிது. ஆகையால் புலவர் எல்லோரையும் ஒரே நோக்கால் நோக்குவதை விடவேண்டும் என்பது அவர் கூறியதன் கருத்து. இவ்விடத்தில் நமக்கு நெடுநாள் ஓர் ஐயம் இருந்தது. வங்கியில் விண்ணப்பங்களைப் பரிசீலித்து, தகுதி உண்டா இல்லையா என்று முடிவெடுப்பதிலேயே நம் பணிக்காலம் கழிந்தது. ஓய்வு பெற்ற பின்பும் அப்பழக்கம் நம்மை விடவில்லை. கோயில் வாசலில் கை நீட்டுபவரைக் கண்டால், இவர் மெய்யாகவே வறியவரா, கொடுத்ததை எப்படிச் செலவிடுவார் என்று மனம் விசாரணையைத் தொடங்கிவிடும்; அது முடிவதற்குள் நாம் அவரைக் கடந்து போயிருப்போம். கபிலரே தரம் பார்க்கச் சொன்னாரே என்று ஆறுதலும் தேடிக்கொண்டோம்.

ஊன்றிப் பார்த்தபோது அது பிழை என்று தெளிந்தது. கபிலர் பேசியது புலமைக்குச் செய்யும் ஸம்மானத்தைப் பற்றி. கல்விக்குத் தரம் உண்டு, பசிக்குத் தரம் இல்லை. திறமின்றிப் பேசினவனுக்கும் காரி கொடுத்ததை வியந்து போற்றியவரும் அதே கபிலரே அல்லவா? தன் பேடையைப் பிடித்த வேடனுக்கே தன் உடலை உணவாக்கிய புறாவின் கதையை, விபீஷண சரணாகதியில் பெருமாள் எடுத்துக்காட்டியதும் இங்கே நினைக்கத்தக்கது. அப்புறா வேடனின் தகுதியை ஆராயவில்லை.

கொடுப்பவன் அபிமானம் கொள்ளவும் இடமில்லை. வங்கிக் காசாளர் நாள்தோறும் லக்ஷக்கணக்கில் எண்ணிக் கொடுக்கிறார். தாம் வள்ளல் என்று ஒருநாளும் எண்ணுவதில்லை. பணம் தம்முடையதன்று என்பதை அவர் அறிவார். அனைத்தும் எம்பெருமானுக்கே சேஷம் என்று கற்ற நாமோ, பத்து ரூபாய் கொடுத்துவிட்டு மார்பு நிமிர்கிறோம். தனக்கென்று ஒன்றும் எஞ்ச வைக்காத காரி, இந்த உண்மையை நடத்தையால் காட்டினான்.

அவன் குடிக்கு எஞ்சியது என்ன? சோழன் கிள்ளிவளவன், மலையமான் மக்களைப் பிடித்து யானைக் காலில் இடத் துணிந்தான். அந்தச் சிறுவர்களோ யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து நின்றார்கள். அப்போது குறுக்கிட்டவர் கோவூர் கிழார் என்ற புலவர். புறாவின் துயர் தீர்த்த சோழர் மரபைக் கிள்ளிவளவனுக்கு நினைவூட்டினார். இவர்களோ புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்து உண்டவர்களின் வழியினர் என்றும் எடுத்துரைத்தார். சிறுவர்கள் உயிர் பிழைத்தனர். குதிரைகளும் தேர்களும் காக்காத மக்களை, என்றோ பகிர்ந்த சோறு காத்தது.

அவ்வூரின் இடைகழியில் ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். கதவைத் தட்டியவரை யார் என்று ஆராயாமல், முன்னே இருந்தவர் ஒடுங்கி இடம் கொடுத்தார். அப்படி இடம் கொடுத்த நெருக்கத்திலேதான் எம்பெருமானும் வந்து புகுந்தான். அடுத்த முறை ஒரு கை நம்முன் நீளும்போது, விசாரணையை நிறுத்திவிட்டு நாமும் சற்றே ஒடுங்கி இடம் கொடுப்போமாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்