மரத்திற்கு மறுவாழ்வு தந்த சுந்தரானந்தர்

புதுச்சேரி ஸ்ரீஅரவிந்த ஆசிரமத்தைச் சேர்ந்த 'கோல்கொண்டே' விடுதியில் நாம் வழக்கமாகக் காணும் சன்னல்கள் இல்லை. வடக்கிலும் தெற்கிலும் சுவர் இருக்க வேண்டிய இடம் முழுவதும், வேண்டியபடி திறக்கவும் மூடவும் கூடிய கிடையான தகடுகளே உள்ளன. வெயில் வெளியே நின்றுவிடும். கடற்காற்று உள்ளே வரும். 1937-இல் பணி தொடங்கிய இந்தக் கட்டடம், இந்தியாவில் கான்கிரீட்டால் எழுந்த முதல் நவீனக் கட்டடங்களுள் ஒன்று. அதன் பணியைத் தொடக்கத்தில் முன்னின்று நடத்திய இளம் கட்டடக் கலைஞர், பின்னாளில் உலகறிந்த தச்சராக விளங்கினார். அவரை அமெரிக்கா ஜார்ஜ் நாகாஷிமா என்று அறியும். ஆசிரமத்தில் அவரது பெயர் சுந்தரானந்தர். அழகில் ஆனந்தம் காண்பவர் என்பது பொருள். அப்பெயரைச் சூட்டியவர் ஸ்ரீஅரவிந்தர்.

அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியப் பெற்றோருக்கு 1905-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் அவர் பிறந்தார். சாரணச் சிறுவனாக அம்மாநிலத்தின் மலைக்காடுகளில் நெடுந்தூரம் நடந்து திரிந்தார். விண்ணளாவிய பழமரங்களின் அடியில் தனித்திருந்த அந்த நாட்களே அவருக்கு முதல் குருகுலம் எனலாம். பல்கலைக்கழகத்தில் முதலில் அவர் எடுத்த பாடமும் வனவியலே. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் கட்டடக் கலைக்கு மாறி, புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

பட்டம் அவருக்கு நிறைவு தரவில்லை. தமது காரை விற்று உலகைச் சுற்றிவரக் கப்பல் சீட்டு வாங்கினார். பாரிஸில் சில காலம், வட ஆப்பிரிக்காவில் சில காலம் என அலைந்து, 1934-இல் முன்னோரின் நாடான ஜப்பானை அடைந்தார். அங்கே அந்தோனின் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அந்த அலுவலகத்திற்குத்தான் புதுச்சேரியிலிருந்து அழைப்பு வந்தது. ஆசிரமத்தில் பவித்ரர் என்று அழைக்கப்பட்ட பிரெஞ்சு சாதகர் முன்பு ஜப்பானில் ரேமண்டுடன் பழகியவர். சாதகர்கள் தங்குவதற்கு ஒரு விடுதி வேண்டும் என்று அன்னை விரும்பினார். ஹைதராபாத் அரசின் திவானாக இருந்த சர் அக்பர் ஹைதரி பொருளுதவிக்கு வழிசெய்தார். விடுதியின் பெயரில் கோல்கொண்டா இடம்பெற்றது அதனால்தான்.

பணியை மேற்பார்வையிட வந்த நாகாஷிமா அங்கே கண்டது வேறொரு உலகம். முடிக்கும் நாளைக் குறிப்பிட்டு விரட்டுவார் எவருமில்லை. வேலை செய்தவர்களில் பலர் அதற்குமுன் செங்கல்லையோ சிமெண்டையோ தொட்டறியாத சாதகர்கள். குறையில்லாமல் செய்ய வேண்டும் என்பது ஒன்றே அன்னையின் நியதி. கதவுகளுக்கான பித்தளைப் பொருத்துகள்கூடக் கடையில் வாங்கப்படவில்லை. பழைய பாத்திரங்களை உருக்கி ஆசிரமப் பட்டறையிலேயே வார்த்தார்கள். செயலே வழிபாடாகும் என்று நாம் மேடைதோறும் சொல்கிறோம். ஒரு கதவுக் கொண்டியை வார்ப்பதில் அதைக் காண்பது வேறு. ஸ்ரீஅரவிந்தர் 1926 முதல் தனிமையில் வாழ்ந்தார். ஆண்டில் சில நாட்களே தரிசனம் தந்தார். ஆயினும் அந்தச் சூழலே நாகாஷிமாவை ஆட்கொண்டது. தமக்குரிய சம்பளத்தை வேண்டாமென்று விட்டு, சாதகர்களுள் ஒருவராகச் சேர்ந்துகொண்டார்.

இரண்டாம் உலகப்போர் மூண்ட 1939-இல் அவர் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். கோல்கொண்டே அப்போது முடியவில்லை. செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் சாமர் அதைத் தொடர்ந்து நடத்தினார். ஆசிரமத்தை விட்டுச் செல்பவரின் சாதனை அத்துடன் முடிந்தது என்று எண்ணுவது நம்மிடையே பொதுவான வழக்கம். இவரது வாழ்க்கை அந்த எண்ணத்தைக் கேள்விக்குள்ளாக்குகிறது.

அமெரிக்கா திரும்பியவர் அங்கே வீடுகள் கட்டப்படும் விதத்தைக் கண்டு மனம் வருந்தினார். வரைபவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர். முழுமைக்குப் பொறுப்பேற்பவர் எவருமில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை தம் கையிலேயே இருக்கும் ஒரு தொழில் வேண்டும் என்று கருதி, கட்டடக் கலையைத் துறந்து உளியை எடுத்தார். 1941-இல் மரியான் ஒகாஜிமா என்ற மங்கையை மணந்து, சியாட்டில் நகரில் ஒரு சிறு பட்டறை தொடங்கினார்.

அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை, பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்களாக இருந்தும், அரசு முகாம்களில் அடைத்தது. பிறந்து சில வாரங்களே ஆன மகள் மீராவுடன் நாகாஷிமா தம்பதியரும் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டனர். ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாம், முள்வேலி சூழ்ந்த புழுதிவெளி. அங்கே கெண்டாரோ ஹிகோகாவா என்ற தச்சர் இருந்தார். ஜப்பானில் மரபுவழியில் தொழில் பயின்றவர். முதுகலைப் பட்டதாரியான நாகாஷிமா அவரிடம் மாணவரானார். உளி தீட்டுவதையும், ஆணியின்றி மூட்டுகள் பொருத்துவதையும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமையையும் அவரிடம் கற்றார். நல்ல மரம் ஏது? பெட்டிகளிலிருந்து பிரித்த பலகைகள், கட்டுமானத்தில் எஞ்சிய துண்டுகள், பாலை நிலத்துப் புதர்களின் முறுக்கிய தண்டுகள் இவைதாம் மூலப்பொருள். அநீதியான சிறை அது, அதில் ஐயமில்லை. சிறை நன்மை செய்தது என்று சொல்வது பிழை. அந்தச் சிறையிலும் புதுச்சேரியில் பழகிய கைகள் ஓயவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

1943-இல் ரேமண்ட் பொறுப்பேற்றதால் விடுதலை கிடைத்தது. பென்சில்வேனியாவின் நியூ ஹோப் ஊரில் இருந்த ரேமண்டின் பண்ணையில் கோழி வளர்க்கும் வேலை. பின்பு அவ்வூரிலேயே நிலம் பெற்று, முதலில் பட்டறையையும், அதன்பின் கல் சுமந்து வீட்டையும் தாமே கட்டினார். நல்ல பலகை வாங்கப் பணமில்லை. ஆகவே மரக்கடைக்காரர் ஒதுக்கிய கோணலும் கணுவும் வெடிப்பும் உள்ள துண்டுகளைக் குறைந்த விலைக்கு வாங்கினார். உலகம் இன்று போற்றும் அவரது பாணி அந்த வறுமையில் முளைத்தது. தத்துவம் அதற்கு மெல்லத் துணைவந்தது.

அவரது முறை இது. சாய்ந்துபோன, முதிர்ந்து பட்டுப்போன மரங்கள் பண்ணைகளிலும் தோட்டங்களிலும் கிடைக்கும்போது அடிமரத்தைத் தேடிப் பெறுவார். அறுவை ஆலையில் தாமே நின்று, வாள் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பார். ஒரு தவறான அறுப்பு நூற்றாண்டுகளின் வளர்ச்சியை வீணாக்கிவிடும் அல்லவா? அறுத்த பலகைகளை, மரத்தில் இருந்த அதே வரிசையில், இடையிடையே சட்டம் கொடுத்துக் காற்றோட்டமாக அடுக்கி, ஆண்டுக்கணக்கில் உலரவிடுவார். உலரும்போது மரம் ஆரவாக்கில் சுருங்குவதைவிட வளையவாக்கில் மிகுதியாகச் சுருங்கும், அதனாலேயே வெடிக்கிறது. மற்றவர்கள் வெடித்த பகுதியை அறுத்து எறிவார்கள். இவர் வெடிப்பின் குறுக்கே, வண்ணத்துப்பூச்சி வடிவில் கடினமரத்தில் செதுக்கிய ஆப்பைப் பதித்து, அது மேலும் விரியாமல் தடுப்பார். வெடிப்பும் தெரியும், ஆப்பும் தெரியும். பட்டையை மட்டும் நீக்கி, ஓரத்தை மரம் வளர்ந்த வளைவிலேயே விட்டுவிடுவார். வைரத்தின் கருமையும் வெளிறின் வெண்மையும் அருகருகே நிற்கும். எந்தப் பலகை எந்த வீட்டிற்கு உரியது என்று தெரிந்துகொள்ள, வாடிக்கையாளரை அடுக்குகளின் நடுவே அழைத்துச் செல்வார். ஒவ்வொரு மரத்திலும் ஓர் ஆன்மா உறைகிறது, அதற்கு இரண்டாம் வாழ்வு தருவதே தச்சனின் கடமை என்பது அவரது நம்பிக்கை. 1981-இல் வெளிவந்த அவரது நூலின் பெயரும் மரத்தின் ஆன்மாவைக் குறிப்பதே.

இதை நம் மரபோடு ஒப்பிட்டால் ஒரு வியப்பு. வராகமிகிரரின் பிருஹத் சம்ஹிதையில், விக்கிரகத்திற்கு மரம் தேடி வனம் புகும் முறைக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. மரத்தைப் பூசித்து, அதில் வாழும் உயிர்களை வேறிடம் செல்லுமாறு வேண்டிக்கொண்ட பின்பே கோடரி எடுக்க வேண்டும். இந்த மரியாதை நாகாஷிமாவின் உணர்வேதான். ஆனால் கூனிய மரம், கொடி நெரித்த மரம், இடி விழுந்த மரம், தானே சாய்ந்த மரம் ஆகியவற்றை அந்நூல் விலக்குகிறது. அந்த விலக்கு வழிபாட்டு உருவத்திற்கு உரியது. மேசைக்கும் நாற்காலிக்கும் அல்ல என்றே நான் கருதுகிறேன்.

மரத்திடம் இத்தகைய உணர்வைக் காண நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை வழியாகச் சென்றால், பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளம் காட்டில் கன்னிமாரா தேக்கு நிற்கிறது. பலர் கைகோத்தாலன்றி அணைக்க முடியாத அடிமரம். வெட்ட முயன்றபோது அதிலிருந்து இரத்தம் வடிந்ததாகவும், அதனால் மக்கள் அதை வணங்கத் தொடங்கியதாகவும் கர்ணபரம்பரைக் கதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சி அரசு அமைத்த டிராம் பாதை அக்காடுகளின் தேக்கைச் சாலக்குடிக்குச் சுமந்து சென்றது. கன்னிமாரா மட்டும் அன்றும் நின்றது, இன்றும் நிற்கிறது.

புகழ் வந்தபின் நாகாஷிமாவைத் தேடிச் செல்வர்களும் வந்தனர். 1970-களில் நெல்சன் ராக்பெல்லரின் இல்லத்திற்கு மட்டும் 200-க்கும் மேற்பட்ட பொருட்களைச் செய்தார். எளிமையை நாடியவரின் மேசை எளியோர் வாங்க இயலாத விலைக்குப் போனது ஒரு முரண்தான். இந்தியாவையும் அவர் மறக்கவில்லை. 1964-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்திற்கு வந்து, அதன் பட்டறைக்கு அறைகலன்கள் வடிவமைத்தார்.

1984-இல் மிகப் பெரிய வால்நட் அடிமரம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதைக் கண்டதும், கண்டத்திற்கு ஒன்றாக உலக அமைதிக்கான பீடங்கள் செய்ய வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. முதல் பீடம் 1986-இன் இறுதி நாளில் நியூயார்க்கின் புனித ஜான் பேராலயத்தில் அர்ப்பணிக்கப்பட்டது. மற்றவற்றை அவர் காணவில்லை. 1990 ஜூன் 15 அன்று நியூ ஹோப்பில் காலமானார். கைக்குழந்தையாக முகாமுக்குச் சென்ற மீரா, தந்தையின் பட்டறையை ஏற்றுப் பணியைத் தொடர்ந்தார்.

ஆசியாவுக்கான பீடம் 1996-இல் ஆரோவில் வந்து சேர்ந்தது. அங்குள்ள ஒற்றுமை மண்டபத்தில் இப்போது இருக்கிறது. கோல்கொண்டேவுக்குச் செல்லும் அன்பர்கள் அதையும் பார்த்து வரலாம். அதன் ஓரங்கள் நேராக அறுக்கப்படவில்லை. மரம் வளர்ந்தபடியே வளைந்து செல்கின்றன.