மலையடிவாரத்தில் ஒரு மார்க்கெட்டிங் பாடம்

கரடியூர் காட்சிமுனை பார்த்துட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் திரும்பும்போது, ஏற்காடு ரோட்டில் ஒரு பழைய நுழைவு வளைவைப் பார்த்திருப்பீங்க. செல்ஃபியும் எடுத்திருப்பீங்க. அதுக்குள்ளே இருந்த ஆளைத் தெரியுமா?

டி.ஆர்.சுந்தரம். 1907-இல் பிறந்தவர். இங்கிலாந்து போய்ப் படிச்சது ஜவுளித் தொழில்நுட்பம், ஜெயிச்சது சினிமாவில். (அரியர் நண்பர்களே, மனசைத் தேத்திக்கோங்க!) எல்லாரும் சென்னைக்கு ஓடின காலத்தில், சேலத்திலேயே மாடர்ன் தியேட்டர்ஸைக் கட்டினார். 1937-இல் முதல் படம், 'சதி அகல்யா'.

அவர் வித்தை எளிமையானது. ஒரே வரியில் ஊரே பேசுற மாதிரி, படத்தில் ஒரு புதுமை இருக்கணும். 1938-இல் 'பாலன்', மலையாளத்தின் முதல் பேசும் படம். பக்கத்து மாநிலச் சந்தையில் காலியா இருந்த இடத்தைப் பிடிச்சார். 1940-இல் 'உத்தமபுத்திரன்', பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீளக் கலர் படம்.

விளம்பரம் பின்னாடி வரும். சொல்ல ஒரு விஷயம் முதல்ல வேணும். நூறு படங்களைத் தாண்டிய கம்பெனிக்கு அதுதான் அஸ்திவாரம்.

1963-இல் சுந்தரம் மறைந்தார். இன்னைக்கு ஸ்டுடியோவும் இல்லை, வளைவுதான் மிச்சம். உங்க ப்ராஜெக்ட்டை ஒரே வரியில் சொல்ல முடியுதா? அடுத்த தடவை அங்கே வண்டியை நிறுத்தும்போது யோசிங்க.