திக்கிப் பேசிய கணக்கு வாத்தியார்

ஆலிஸின் அற்புத உலகம் கதையை எழுதிய லூயிஸ் கரோல் ஒரு கணக்கு வாத்தியார்னு உங்களுக்குத் தெரியுமா? அவரது உண்மையான பெயர் சார்லஸ் டாட்ஜ்சன்.

1832 ஜனவரி 27-ல் இங்கிலாந்தில் டேர்ஸ்பரி என்ற கிராமத்தில் பிறந்தார். கூடப் பிறந்தவர்கள் பத்துப் பேர். வீட்டில் தம்பி தங்கைகளுக்குப் பொம்மலாட்டம், மேஜிக் எல்லாம் செய்து காட்டுவார். ஆனால் பேச்சு திக்கும். வெளி ஆட்கள் முன்னால் ரொம்பக் கூச்சப்படுவார்.

1855 முதல் 1881 வரை ஆக்ஸ்போர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணக்கு நடத்தினார். அவர் வகுப்பு சுவாரசியமாக இல்லை என்று மாணவர்கள் நினைத்தார்கள். திக்குவாய்க்குச் சிகிச்சை எடுத்தும் முழுசாகச் சரியாகவில்லை.

ஆனால் குழந்தைகளிடம் நன்றாகப் பேசுவார். 1862 ஜூலை 4-ல் படகில் போகும்போது மூன்று சிறுமிகளுக்குச் சொன்ன கதைதான் 1865-ல் ஆலிஸ் புத்தகமாக வந்தது.

ஐம்பது வயதுக்கு மேல் ஆக்ஸ்போர்டில் ஒரு பெண்கள் பள்ளிக்குப் போய் தர்க்கம் சொல்லித் தந்தார். தர்க்கத்தை விளையாட்டாகப் படிக்க ஒரு ஆட்டமும் கண்டுபிடித்தார். அட்டையில் கட்டம், 4 சிவப்புக் காய், 5 சாம்பல் காய், அவ்வளவுதான். காயைக் கட்டத்தில் சரியாக வைத்தால் விடை தெரிந்துவிடும். அவரிடம் படித்த ஒரு மாணவி பெரியவரான பிறகும் அவரை அன்போடு நினைத்து எழுதினார்.

1898 ஜனவரி 14-ல் காலமானார்.

சத்தமாப் பேசி நடிச்சுக் காட்டுறவங்கதான் டீச்சர் ஆக முடியும்னு நாம நினைக்கிறோம். கடைசி பெஞ்சில் பேசாம இருக்கிற தோழிகளே, டீச்சர் ஆகணும்னு ஆசை இருந்தா விட்டுடாதீங்க! நமக்குன்னு ஒரு வழி இருக்கும்.