முதல் ஊசியைத் தன் உடம்பில் போட்டுக்கொண்ட ஹாப்கின்

பரேலுக்குப் போகாத மும்பைத் தமிழர் குறைவு. வீட்டில் யாருக்காவது பெரிய நோய் என்றால் கே.இ.எம். ஆஸ்பத்திரிக்கோ டாட்டா ஆஸ்பத்திரிக்கோ அங்கேதான் ஓட வேண்டியிருக்கிறது. அந்த ஆஸ்பத்திரிகளுக்கு அருகில், மரங்களுக்கு நடுவே பழைய காலத்து மாளிகை ஒன்று இருக்கிறது. பம்பாய் கவர்னர்கள் ஒரு காலத்தில் குடியிருந்த மாளிகை அது. இப்போது அதற்கு ஹாப்கின் நிறுவனம் என்று பெயர். தடுப்பு மருந்துகளுக்கும் பாம்புக்கடி மருந்துக்கும் பேர்போன இடம்.

ஹாப்கின் என்றால் யாரோ ஒரு வெள்ளைக்கார கவர்னர் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. உண்மையில் அவர் ருஷ்ய சாம்ராஜ்யத்தில் பிறந்த யூத விஞ்ஞானி. சொந்த நாட்டில் வேலை கிடைக்காமல் வெளியேறி, இந்தியாவில் காலராவுக்கும் பிளேக்குக்கும் ஊசி போட்டவர். அந்த ஊசிகளை முதலில் தன் உடம்பிலேயே குத்திக்கொண்டவர். பிறகு இதே பரேல் மாளிகையிலிருந்து, செய்யாத குற்றத்துக்காக வெளியேற்றப்பட்டவர்.

ஒடெசா மாணவர்

வால்டெமார் ஹாப்கின் 1860-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி, இன்று உக்ரைன் நாட்டில் உள்ள ஒடெசா துறைமுக நகரில் பிறந்தார். அங்கேயே பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தார். அவருக்குக் கிடைத்த ஆசிரியர் மெச்னிகாப். ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் கிருமிகளை விழுங்குவதைக் கண்டறிந்து பின்னால் நோபல் பரிசு பெற்ற மேதை அவர்.

அந்தக் காலத்தில் ருஷ்யாவில் யூதர்கள் மீது அடிக்கடி கலவரம் பாயும். வீடு புகுந்து அடிப்பார்கள், கடைகளைச் சூறையாடுவார்கள். ஹாப்கின் யூத இளைஞர்களின் தற்காப்புக் குழுவில் சேர்ந்தார். அடிபட்டார், கைதும் ஆனார். படிப்பு முடிந்ததும், மதம் மாறினால் பல்கலைக்கழகத்தில் பதவி உண்டு என்ற நிலைமை. அவர் மாறவில்லை. எனவே பதவியும் இல்லை.

1888-ல் நாட்டை விட்டுக் கிளம்பி ஜெனீவா போனார். அடுத்த ஆண்டு பாரிஸ். பாஸ்டர் நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்தது விஞ்ஞானி வேலை அல்ல, நூலகத்தில் உதவியாளர் வேலை. புத்தகம் எடுத்துக் கொடுத்த நேரம் போக, மிச்ச நேரத்தில் காலரா கிருமியை வைத்து ஆராய்ச்சி செய்தார்.

கினிப் பன்றிகளின் உடலுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிருமியைச் செலுத்தி அதன் வீரியத்தை ஏற்றினார். வேறொரு முறையில் அதே கிருமியை வீரியம் குறைந்ததாகவும் ஆக்கினார். முதலில் வீரியம் குறைந்த ஊசி, சில நாள் கழித்து வீரியமான ஊசி. விலங்குகள் பிழைத்தன. மனிதன் தாங்குவானா?

1892-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி அந்த ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்தது, தணிந்தது. ஆறு நாள் கழித்து இரண்டாவது ஊசி. அதையும் உடம்பு தாங்கிக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 32.

கல்லெறி நடுவே

பாரிஸிலும் ருஷ்யாவிலும் அவருடைய ஊசியை வாங்க ஆள் இல்லை. அப்போது பாரிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த டப்ரின் பிரபு முன்னாளில் இந்திய வைஸ்ராயாக இருந்தவர். வாந்திபேதி இந்தியாவில் ஆண்டுதோறும் எத்தனை உயிரைக் கொண்டுபோகிறது என்பது அவருக்குத் தெரியும். அவர் கைகாட்டிவிட, 1893 மார்ச்சில் ஹாப்கின் கல்கத்தா வந்து இறங்கினார்.

வந்தவரை யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. வெள்ளைக்கார டாக்டர்களுக்கு அவர் மருத்துவப் பட்டம் இல்லாத அந்நியர். மக்களுக்கோ ஊசி என்றாலே பயம். கல்கத்தாவில் ஒரு குடிசைப் பகுதிக்குப் போனபோது கல்லெறி விழுந்தது. ஹாப்கின் ஓடவில்லை. கூட்டத்தின் கண் முன்னாலேயே சட்டையைத் தூக்கிவிட்டு ஊசி போட்டுக்கொண்டார் என்று சொல்வார்கள். அதைப் பார்த்த பிறகு அங்கிருந்த சுமார் 200 பேரில் 116 பேர் முன்வந்தனர். பிறகு அதே இடத்தில் காலரா பரவியபோது 10 பேருக்கு நோய் கண்டு 7 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்ட அத்தனை பேரும் ஊசி போடாதவர்கள்.

இரண்டரை ஆண்டுகளில் ஆக்ரா, பஞ்சாப், அஸ்ஸாம் என்று அலைந்து 40,000 பேருக்கு மேல் ஊசி போட்டார். கடைசியில் மலேரியா அவரையே படுக்க வைத்தது. 1895-ல் இங்கிலாந்து போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு, மறு ஆண்டே திரும்பி வந்துவிட்டார்.

ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்கள்

1896 செப்டம்பரில் பம்பாய் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் பிளேக் புகுந்தது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டும், காய்ச்சல் அடிக்கும், சில நாளில் ஆள் முடிந்துபோவார். நகரமே காலியானது. லட்சக்கணக்கான பேர் ரயில் ஏறி ஊருக்கு ஓடினார்கள். ரயில் நிலையங்களில் பயணிகளை நிறுத்தி வைத்து டாக்டர்கள் சோதித்தார்கள்.

எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்பது அப்போது தெரியாது. எனவே வீடுகளைக் கழுவினார்கள், கூரையைப் பிரித்தார்கள், நோயாளி என்று சந்தேகப்பட்டவர்களை இழுத்துக்கொண்டு போனார்கள். பிளேக்கை விட பிளேக் அதிகாரிக்கு மக்கள் அதிகம் பயந்தார்கள். புனாவில் அந்தக் கெடுபிடி நடத்திய ராண்ட் என்ற அதிகாரியை 1897 ஜூனில் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள்.

இங்கே ஒரு சிறு செய்தி. நெருக்கடியான சந்துகளே நோய்க்குக் காரணம் என்று 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை ஏற்படுத்தினார்கள். அந்த டிரஸ்ட் போட்ட திட்டத்தில் உருவானவைதான் தாதர், மாதுங்கா குடியிருப்புகள். நம்மவர் மூன்று தலைமுறையாகக் கோயிலும் மெஸ்ஸும் வைத்து வாழ்ந்துவரும் மாதுங்காவின் அகலமான வீதிகளுக்குப் பின்னால் ஒரு கொள்ளை நோய் இருக்கிறது.

ஹாப்கின் 1896 அக்டோபரில் பம்பாய் வந்தார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு ஓர் அறையும் ஒரு நடைவழியும் கொடுத்தார்கள். ஆட்கள் ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்கள். நானும் ரயில்வேயில் குமாஸ்தா. பிளேக் கிருமி வளரும் சீசாக்களுக்கு நடுவே உட்கார்ந்து கணக்கு எழுதிய அந்த மனிதரை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கிருமியை வளர்க்க இறைச்சி ரசம் வேண்டும். மாட்டிறைச்சி என்றால் இந்துக்கள் ஊசியைத் தொடமாட்டார்கள், பன்றி என்றால் முஸ்லிம்கள் தொடமாட்டார்கள். ஹாப்கின் ஆட்டிறைச்சி ரசத்தை எடுத்துக்கொண்டார். ரசத்தின் மேல் சில துளி நெய்யை மிதக்க விட்டார். அந்த நெய்த் துளிகளைப் பிடித்துக்கொண்டு கிருமிகள் ஆலம் விழுது போலக் கீழ்நோக்கித் தொங்கி வளர்ந்தன. சீசாவைக் குலுக்கினால் விழுது உதிரும், மறுபடி வளரும். சில வாரங்களில் சீசா நிறையக் கிருமி. பிறகு அதைச் சூடாக்கிக் கிருமிகளைக் கொன்று, கார்பாலிக் திராவகம் கொஞ்சம் சேர்த்தால் மருந்து தயார். செத்த கிருமியைக் காட்டி உடம்பை உஷார்ப்படுத்துவதே இதன் சூத்திரம். கொரோனாவுக்கு நாம் போட்டுக்கொண்ட கோவாக்சின் ஊசியும், கொன்ற வைரஸை வைத்துச் செய்ததுதான்.

மூன்று மாதம் ராப்பகலாக உழைத்தார்கள். உதவியாளர்களில் ஒருவருக்கு நரம்புத் தளர்ச்சி கண்டது. வேறு இருவர் விலகிப் போனார்கள். 1897 ஜனவரி 10-ந் தேதி ஹாப்கின் மறுபடியும் தன் உடம்பையே பரீட்சைக்குக் கொடுத்தார். பின்னாளில் மற்றவர்களுக்குப் போட்டதைவிடப் பல மடங்கு அதிகமான அளவு. கடும் காய்ச்சலில் கிடந்து எழுந்தார்.

அந்த மாதக் கடைசியில் பைகுல்லா சிறையில் பிளேக் பரவியது. கைதிகளில் விரும்பி வந்தவர்களுக்கு மட்டும் ஊசி. ஏறத்தாழ பாதிப் பேர் போட்டுக்கொண்டார்கள். போடாதவர்களில் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் இறந்தனர். போட்டவர்களில், ஊசிக்கு முன்பே நோய் தொற்றியிருந்தவர்கள் நீங்கலாக, 2 பேருக்குத்தான் நோய் வந்தது. இருவரும் பிழைத்தார்கள்.

அடுத்த ஆண்டு பரோடா சமஸ்தானத்தில் உந்தேரா என்ற கிராமம். அங்கே ஒவ்வொரு குடும்பத்திலும் பாதிப் பேருக்கு ஊசி போட்டார், பாதிப் பேரை விட்டுவிட்டார். பின்னர் பிளேக் கண்ட குடும்பங்களை மட்டும் எடுத்து எண்ணினார்கள். ஊசி போடாத 64 பேரில் 26 பேர் செத்தார்கள். போட்ட 71 பேரில் 3 பேர். அண்ணன் தம்பிகளில் ஒருவனுக்குப் போட்டு ஒருவனை விட்டுவிடுவது கல்மனம்தான். ஆனால் அப்படி எண்ணிப் பார்த்திருக்காவிட்டால், அந்த ஊசி பயன் தருகிறதா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருக்காது. ஊசி முழுப் பாதுகாப்பு இல்லை என்பதையும் அதே கணக்குதான் காட்டியது.

அப்போது இருபது வயது இளைஞராக இருந்த ஆகாகான், பொதுமக்கள் பார்க்க ஊசி போட்டுக்கொண்டு தம் கோஜா சமூகத்தாரையும் போடச் செய்தார். ஆய்வுக்கூடத்துக்குத் தமது குஷ்ரு லாட்ஜ் பங்களாவையும் கொடுத்தார். அந்த இடமும் போதாமல் போகவே, 1899 ஆகஸ்டில் பரேல் கவர்னர் மாளிகைக்கு ஆய்வுக்கூடம் மாறியது. தலைவர் ஹாப்கின்.

53-என் சீசா

1902-ல் பஞ்சாபில் பிளேக் தலைவிரித்தாடியது. லட்சக்கணக்கில் ஊசி மருந்து அனுப்பும்படி பரேலுக்கு உத்தரவு. வேகமாகத் தயாரிப்பதற்காக ஹாப்கின் கார்பாலிக் திராவகம் சேர்ப்பதை விட்டுவிட்டு, சூட்டினால் மட்டும் கிருமியைக் கொல்லும் முறைக்கு மாறினார். பாரிஸ் பாஸ்டர் நிறுவனம் கையாண்ட முறைதான் அது.

அக்டோபர் 30-ந் தேதி மல்கோவால் என்ற ஊரில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். இன்று அது பாகிஸ்தானில் ஒரு ரயில்வே ஜங்ஷன். ஒரு வாரத்தில் அவர்களில் 19 பேருக்கு டெட்டனஸ் என்னும் ரண ஜன்னி கண்டது. 19 பேரும் இறந்தார்கள். அத்தனை பேருக்கும் ஊசி போட்டது ஒரே சீசாவிலிருந்து. அதன் எண் 53-என்.

விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். பம்பாய் தலைமை நீதிபதி தலைமை வகித்தார். சீசாவைத் திறக்கும் முன்பே மருந்து கெட்டுவிட்டது, தவறு பரேலில்தான் நடந்திருக்கிறது என்று கமிஷன் முடிவு சொன்னது. கார்பாலிக்கை நிறுத்தியதும் அவருக்கு எதிராகப் பேசப்பட்டது. ஹாப்கின் பதவியிலிருந்து விலக்கப்பட்டு, 1904-ல் இந்தியாவை விட்டுப் போனார்.

ஆனால் அதே விசாரணையில் வேறு சாட்சியமும் இருந்தது. மல்கோவாலில் சீசாவைத் திறந்த உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்தது. அதைக் கொதிக்க வைக்காமல், கார்பாலிக் கரைசலில் ஒரு அலசு அலசிவிட்டு, அதே இடுக்கியால் சீசாவின் தக்கையை எடுத்திருக்கிறார். ரண ஜன்னிக் கிருமி வாழும் இடமே மண்தான். மேலும், அந்தக் கிருமி பரேலிலேயே சீசாவுக்குள் போய் வாரக்கணக்கில் வளர்ந்திருந்தால், திறந்ததும் துர்நாற்றம் அடித்திருக்க வேண்டும். முகர்ந்து பார்த்த டாக்டருக்கு நாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆக, கிருமி அன்றைக்குத்தான் உள்ளே போயிருக்கிறது.

இவ்வளவும் காகிதத்தில் இருந்தது. காகிதம் பைலில் இருந்தது. ஆபீஸ் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் மீது ஒரு குறிப்பு ஏறிவிட்டால், அதற்கு எதிரான சாட்சியம் அடுத்த பக்கத்திலேயே இருந்தாலும் யாரும் புரட்டமாட்டார்கள்.

1906 கடைசியில்தான் அரசாங்கம் விசாரணை ஆவணங்களை அச்சில் வெளியிட்டது. செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் அவற்றைப் படித்தார், கொதித்துப்போனார். 1907 ஜூலை 29-ந் தேதி லண்டன் டைம்ஸ் பத்திரிகையில், ராஸ் உட்படப் பத்து விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட கடிதம் வந்தது. மல்கோவால் சாவுகளுக்குப் பரேல் ஆய்வுக்கூடம் காரணம் என்பதற்கு ஆதாரமில்லை என்பதே அதன் சாரம். பார்லிமெண்டிலும் கேள்வி கேட்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் ஹாப்கின் மீதிருந்த பழி நீங்கியது.

ஐந்து ஆண்டு கழித்து நியாயம் கிடைத்தது. பதவி கிடைக்கவில்லை. பரேலில் வேறொருவர் அமர்ந்துவிட்டார். ஹாப்கினுக்குக் கல்கத்தாவில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் கொடுத்தார்கள். புதிய தடுப்பு மருந்துகளை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்க அனுமதி இல்லை. தன் உடம்பையே இரண்டு முறை பரீட்சைக்குக் கொடுத்தவருக்கு, நாற்காலி ஆராய்ச்சி மட்டும் மிஞ்சியது. ஏழாண்டு போல அப்படியே ஓட்டிவிட்டு ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பினார்.

மல்கோவாலில் இறந்த 19 பேரை மறந்துவிட்டும் இதை எழுதக்கூடாது. அவர்கள் பிளேக்குக்குப் பயந்து, நம்பிக் கை நீட்டியவர்கள். உண்மையான காரணத்தை அன்றே ஒப்புக்கொண்டிருந்தால், கருவிகளைக் கொதிக்க வைக்க வேண்டும் என்ற பாடமாவது ஊர் ஊராகப் போயிருக்கும்.

ஹாப்கின் மணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் மதப் பற்றில் ஆழ்ந்து, தன் சேமிப்பைக் கிழக்கு ஐரோப்பாவில் யூத வேதம் படிக்கும் ஏழை மாணவர்களுக்கு எழுதி வைத்தார். 1925-ல் பரேல் ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அப்போது அவர் உயிரோடு இருந்தார். 1930 அக்டோபர் 26-ந் தேதி சுவிட்சர்லாந்தின் லாசான் நகரில் காலமானார். 1964-ல் இந்தியா அவர் படம் போட்ட தபால் தலை வெளியிட்டது.